எஸ் கொடுத்தது நான்தான்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். இன்று கும்மிடிப்பூண்டியில் எனக்கு இரண்டு லேத் பட்டறைகள் இருக்கின்றன. எந்த மெஷினையும் யாரையும் கேட்காமல் நானே ஓட்டிப் பழகியவன்.

என் மனைவியின் முதல் வருஷத் திதி நெருங்கியபோது, எங்கள் அறுபதாம் கல்யாண வீடியோவைப் பார்க்க ஆசை வந்தது. அவள் பேசியது அதில் மட்டும்தான் இருந்தது. பெரிய ஃபைல் என்பதால் ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்திருந்தோம். மகன்தான் தன் மேக் லேப்டாப்பில் போட்டுக் காட்டுவான். அன்று அவன் ஊத்துக்கோட்டை போயிருந்தான். நானே டிஸ்க்கைப் பட்டறையிலுள்ள விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினேன். திரை ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.

"சின்னவரு வந்துரட்டும் சார்" என்றாள் ஆபீஸ் பெண்.

"நான் பாக்காத மெஷினாம்மா?" என்று எஸ் கொடுத்தேன். மறுபடி கேட்டது. மறுபடியும் எஸ். டிஸ்க் திறந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

மகன் வந்து பார்த்தான். "இன்னா நைனா பண்ண? இது மேக்குக்குன்னு ரெடி பண்ண டிஸ்க்கு, விண்டோஸ் படிக்காது. எல்லாத்தையும் அழிச்சிரட்டுமான்னு கேட்டுக்கினு இருந்துக்குது, நீ சரின்ட்ட."

வீடியோ எடுத்தவரிடமும் பிரதி இல்லை. சென்னையில் கொடுத்துப் பார்த்தும் மீட்க முடியவில்லை.

"அம்மா கொரலு எனக்கும் அதுலதான் இருந்துச்சு நைனா" என்றான் மகன். அதற்குமேல் அவன் திட்டவில்லை.

இப்போது திரையில் எது வந்தாலும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே தொடுகிறேன். மேக், விண்டோஸ் இரண்டிலும் திறக்கும் டிஸ்க்குகளில் இரண்டு பிரதி வைக்கிறேன். பேத்தியின் காதுகுத்து வீடியோ பத்திரமாக இருக்கிறது. அதில் என் மனைவி இல்லை.