தோளில் மிச்சமிருந்த கை

புது ஃப்ளெக்ஸைப் பிரிக்கும்போது ஒரு வாடை வரும், கவனித்திருக்கிறீர்களா? ரப்பரும் பெயின்டும் கலந்த மாதிரி... மூக்கில் ஏறினால் லேசாகத் தலை வலிக்கும். மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு அது காதுகுத்து வாடை, கல்யாண வாடை, கண்ணீர் அஞ்சலி வாடை.

எனக்கு மட்டும் அது கபடி வாடை.

எழுமலையைத் தாண்டி எங்கள் ஊர். பத்தாவது வரைக்கும் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. அதில் நான் கபடி டீமில் இருந்தேன் என்று சொன்னால் ஆபீஸில் யாரும் நம்புவதில்லை. இப்போதைய உடம்பைப் பார்த்தால் நானே நம்பமாட்டேன்.

கேப்டன் ராணி. காலனியிலிருந்து வருவாள். டீமில் காலனிப் பிள்ளை அவள் ஒருத்திதான், மற்ற எல்லோரும் ஊருக்குள் இருந்து வந்தவர்கள். நடுவில் இருப்பது ஒரு ஓடை மட்டும்தான், ஆனால்... அதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கிரவுண்டில் அவள் கார்னர், நான் அவளுக்குப் பக்கத்தில். ரெய்டு வருகிறவளை மடக்க வேண்டுமென்றால் பக்கத்து ஆளின் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். ஒருமுறை அப்படி மடக்கியதில் ராணியின் சுண்டுவிரல் பிசகிவிட்டது. நாட்டுக்கட்டு போட்டும் சரியாகாமல் கொஞ்சம் வெளியே வளைந்தே நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அந்தக் கையை எனக்குத் தெரியும்.

எங்கள் பி.டி. டீச்சர் வாசுகி. மண்ணைச் சலித்து, தண்ணீர் தெளித்து, அவரே எங்களுக்குக் கிரவுண்ட் போடுவார்.

"மாவட்ட மேட்ச்ல மட்டும் நல்லா ஆடிரு ராணி. ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டலுக்கு அங்கதான் ஆள் எடுப்பாக. எடுத்துட்டாகன்னா பிளஸ் டூ வரைக்கும் சோறு, படிப்பு எல்லாம் அவுக பொறுப்பு."

ராணி வீட்டில் பத்தாவதோடு நிறுத்தி, மதுரை செல்லூரில் அவள் அத்தை வேலை பார்க்கும் தறிக்கு அனுப்புவதாகப் பேச்சு. அவளுக்கு இருந்த ஒரே வழி அந்த மேட்ச்தான்.

உசிலம்பட்டியில் ஜோனல் மேட்ச் ஜெயித்தோம், அடுத்தது மாவட்டம். கடைசிப் பிடி ராணியும் நானும். கோப்பையோடு ஏழு பேரும் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். ஓரத்தில் நின்ற ராணி என் தோளில் கை போட்டிருந்தாள்.

அடுத்த வாரம் பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ். எங்கள் தெரு இளைஞர்கள் வைத்தது. என் சித்தப்பாதான் முன்னால் நின்று கட்டினார். மேலே யார் யாரோ தலைவர்கள். நடுவில் கோப்பையோடு நாங்கள். கீழே வாழ்த்துகிறவர்கள் வரிசை... கூலிங்கிளாஸ் போட்டவர், போனில் பேசுகிறவர், எங்கள் வீட்டுக் கைக்குழந்தை.

ராணி இல்லை.

"சித்தப்பா, ராணி எங்க?"

"எடம் பத்தலத்தா" என்றார், கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே.

"அவதான கேப்டன்."

"போத்தா, போய்ப் படி."

பல் முளைக்காத பிள்ளைக்கு இடம் இருந்தது. எனக்கு அழுகையாக வந்தது. அவமானமாகவும் இருந்தது.

அப்புறம்தான் கவனித்தேன். கம்ப்யூட்டரில் போட்டோவை வெட்டினவருக்கு வேலை சரியாகத் தெரியவில்லை. ராணியை எடுத்தவர் கையை விட்டுவிட்டார். மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, வளைந்த சுண்டுவிரலோடு, என் தோளில் அப்படியே இருந்தது.

காலனிப் பையன்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பக்கம் இன்னொரு ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் கோப்பையோடு ராணி மட்டும், ஏழு பேர் ஆடியதை அவள் ஒருத்தியே ஆடிய மாதிரி. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஒரு சாயங்காலம் கல் விழுந்தது. போலீஸ் வேன் வந்து இரண்டையும் கழற்ற வைத்தது.

ஹெட்மாஸ்டர் எங்கள் வகுப்புக்கே வந்து சொன்னார்.

"இந்த வருசம் மாவட்டத்துக்கு டீம் போகல. வெளையாட்டால ஊருக்குள்ள பிரச்சன வேணாம்."

ராணி எழுந்தாள். "நாங்க சண்ட போடலையே சார்."

"உக்காரும்மா."

அவ்வளவுதான். வாசுகி டீச்சர் அவரிடம் மன்றாடிய சத்தம் வெராண்டா வரைக்கும் கேட்டது. நடக்கவில்லை. மேட்ச் அன்றைக்கு எங்களுக்குக் கணக்கு டெஸ்ட். ராணி பேப்பரில் பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். அந்த வருடமே டீச்சர் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பத்தாவது முடிந்ததும் ராணி செல்லூருக்குப் போனாள்.

நான் பிளஸ் டூ, காலேஜ், வேலை என்று வந்துவிட்டேன்...

கழற்றிய ஃப்ளெக்ஸைச் சித்தப்பா வீணாக்கவில்லை. ஆட்டுக்கொட்டாய்க்கு மேலே போட்டார், படம் உள்பக்கமாக. ஊருக்குப் போய் ஆட்டுக்குக் குழை கட்டும்போதெல்லாம் தலைக்கு மேல் என் முகம் இருக்கும், தோளில் அவள் கை இருக்கும். வருடம் போகப் போக என் முகம் வெளுத்து யாரென்றே தெரியாமல் போனது. கை ரொம்ப நாள் இருந்தது.

ஒருமுறை செல்லூர்ச் சந்து ஒன்றில் ராணியைப் பார்த்தேன். தறிச் சத்தத்தில் இருந்து இருந்து சத்தமாகத்தான் பேசுகிறாள்.

"இப்ப நீ ரெய்டு வந்தேன்னா ஒரே அமுக்கா அமுக்கிருவேன்டி உன்னைய" என்று சிரித்தாள்.

அறுந்த நூலை முடிச்சுப் போட அந்தச் சுண்டுவிரல்தான் இடைஞ்சலாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

இதெல்லாம் இப்போது எதற்கு என்றால்... போன வாரம் சித்தப்பா மகன் எங்கள் ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் டிசைன் போட்டிருந்தான். அதே பள்ளிக்கூடம். மறுபடியும் பெண்கள் டீம், மறுபடியும் ஜோனல் கோப்பை. சந்தோஷமாகத்தான் திறந்தேன். பழைய பழக்கத்தில் டீம் பிள்ளைகளின் தலைகளை எண்ணினேன். ஆறுதான் இருந்தது.

"ஏழாவது ஆளு எங்கடா தம்பி?" என்று கேட்டேன்.

நீல டிக் மட்டும் விழுந்தது.

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு பிள்ளையின் தோளாகப் பார்த்தேன். எங்கள் காலத்தில் ஒரு கையாவது தப்பித்தது. இப்போதெல்லாம் போனிலேயே சுத்தமாக வெட்டிவிடுகிறார்கள்... எந்தத் தோளிலும் எதுவும் மிச்சமில்லை.