ஜன்னலில் ஒன்பது கோடு

அவரை ஊரே டேப்பு என்றுதான் கூப்பிடும். சட்டைப்பையில் பேனா இல்லாமல் இருக்கும், இஞ்ச் டேப் இல்லாமல் இருக்காது. நாற்பத்திரண்டு வருஷம் ஜன்னலுக்குக் கண்ணாடி போட்ட மனுஷர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ரொட்டிக்கடை, வங்கி என்று இந்த ஊரில் வெளிச்சம் உள்ளே வருகிற இடத்தில் பாதி அவர் கை பட்டதுதான். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு கொடுமை உண்டு. வேலை சுத்தமாக இருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. தெரிந்துவிட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம். "என் வேலையை எவனாவது பார்த்துட்டான்னா அது எனக்குத்தான் அவமானம்" என்பார், கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் வயிற்றெரிச்சலுமாக.

இரண்டு வருஷமாகக் கை நடுங்குகிறது. கடையை விட்டுவிட்டு வீட்டில் ஓய்வாக இருக்கிறார். ஓய்வு என்பது அவர் சொல்வது. அவர் மனைவியைக் கேட்டால், "எங்க ஓய்வு? வீட்டை அளந்துக்கிட்டு இருக்கார்" என்பாள். அவள் தையல்காரி. அளவு எடுக்கிற இரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தால் பேச்சில் யாரும் ஒரு அங்குலம் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தாள். பள்ளியையே மூடிவிட்டதால் எட்டு மாதம் வீட்டில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடந்தாள். அதற்குப் பிறகுதான் ஊர்க்கோடியில் இருக்கும் பழைய மாளிகை அருங்காட்சியகத்தில், வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிற வேலை கிடைத்தது. கிடைத்தது என்று இன்னும் சொல்லிவிட முடியாது. மூன்று மாதம் சோதனை. இன்று கடைசி நாள், காலைச் சுற்றில் மேலாளர் அம்மா கையில் தாளோடு கூடவே நடந்து வந்து கேட்பார். அவர் தலையாட்டினால்தான் வேலை நிரந்தரம்.

இதில் ஒரு சிக்கல் வந்தது. பத்துப் பேர் சேர்ந்தால்தான் சுற்று நடக்கும். எட்டுப் பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். மகள் வேறு வழி இல்லாமல் பெற்றவர்களையே கூப்பிட்டாள்.

"அப்பா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன். உள்ள வந்து வாயே திறக்கக் கூடாது."

"நான் எதுக்கும்மா பேசப் போறேன்?"

"நீங்க பேசாம திரும்பி வந்த இடம் ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் மனைவி.

டேப்பு யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. "சரி, சத்தியம். போதுமா?" என்றார்.

கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கலைக் கண்காட்சி. பேரிக்காய் கண்ணாடியில், கடல் அலை கண்ணாடியில், கூரையிலிருந்து மழை விழுகிற மாதிரி ஆயிரம் கண்ணாடித் துளி. மகள் ஒவ்வொன்றாக நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். பின்னால் மேலாளர் அம்மா தாளில் என்னவோ குறித்துக்கொண்டே வந்தார். டேப்புக்கு வாய் துறுதுறுத்தது. கண்ணாடி என்றால் அதன் வழியாக வெளியே பார்க்க வேண்டும். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன பிழைப்பு இது! இருந்தாலும் அந்த அலையின் விளிம்பு எப்படி உடையாமல் நிற்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கே தெரியாமல் டேப் கைக்கு வந்துவிட்டது.

"ஐயா, தொடாதீங்க!" என்று காவலர் ஓடி வந்தார்.

"தொடலையே, அளந்தேன்" என்று சொல்ல வாயெடுத்தவரை மனைவி கையில் கிள்ளி நிறுத்தினாள். மகள் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா. டேப் மறுபடி பைக்குள் போனது.

கடைசி மேஜையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே எதுவும் கிடையாது. அடியில் மட்டும் யாரோ சின்னதாகப் படுத்து எழுந்த மாதிரி ஒரு குழிவு. மற்றவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். டேப்பு ஒரு நொடிதான் பார்த்தார். விறுவிறுவென்று படிக்கட்டுப் பக்கம் நடந்துவிட்டார். அவர் ஏன் நடந்தார் என்று மனைவிக்குத் தெரியும். அவர்கள் மகள் ஏழாம் மாதமே பிறந்தவள். முதல் ஒன்பது நாள் அப்படி ஒரு பெட்டிக்குள்தான் கிடந்தாள். அந்தப் பேச்சு வீட்டில் எடுப்பதில்லை.

மாடி முழுக்கப் பழைய வீடு. கப்பல் வியாபாரி கட்டியது. நடுவில் பல வருஷம் அரசாங்க ஆவண அலுவலகமாக இருந்து, பிறகுதான் அருங்காட்சியகம் ஆனது. தேக்குப் படிக்கட்டு, ஆளுயரக் கடிகாரம், இருபது பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. மகள் நன்றாகச் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள், சிரிக்க வைக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வைத்தாள். டேப்புக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மேற்கு அறைக்கு வந்து ஜன்னல் பக்கம் அவள் கையை நீட்டியபோதுதான் நிறைந்த நெஞ்சு திக்கென்றது.

"இந்தக் கீழ்ச் சில்லோட மூலையைப் பாருங்க. சின்னச் சின்னதா ஒன்பது கோடு தெரியுதா? இந்த வீட்டு அம்மாவோட கணவர் கப்பல்ல போயிருந்தாரு. அவங்க தினமும் காலையில இங்க நின்னு, வைர மோதிரத்தால ஒரு கோடு போடுவாங்களாம். கடைசிக் கோடு மட்டும் நீளமா இருக்கு. அன்னைக்குத்தான் கப்பல் திரும்பி வந்தது."

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டேப்பு அந்தக் கோடுகளையே பார்த்தார். மோதிரமாவது, கப்பலாவது! அவர் போட்ட கோடு அவருக்குத் தெரியாதா? முப்பத்தோரு வருஷத்துக்கு முன் புயலில் இந்த மேற்கு ஜன்னல்கள் நொறுங்கிப்போயின. புதுக் கண்ணாடி போட்டால் பல்லிளிக்கும் என்று, இடித்துப் போட்ட ஒரு பழைய ஆலையிலிருந்து அந்தக் காலக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து பொருத்தினவர் அவர். அவ்வளவு பொருத்தமாகப் பொருத்தியது இப்போது வினையாக வந்து நிற்கிறது.

சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மோதிரம் என்றே இருக்கட்டும். பிள்ளைக்கு வேலை நிலைக்கட்டும்.

அப்போது பார்த்து, கழுத்தில் கேமரா மாட்டியிருந்த ஆசாமி ஜன்னலில் மூக்கு ஒட்டுகிற மாதிரி குனிந்தார். "ஒரு நிமிஷம். மத்த அறை ஜன்னல்ல கண்ணாடிக்குள்ள குமிழியெல்லாம் நீளமா இருக்கு, இந்த அறையில மட்டும் உருண்டையா இருக்கு. இது இந்த வீட்டுக் கண்ணாடியே இல்லையே? அப்புறம் எப்படி அந்த அம்மா கீறியிருப்பாங்க?"

அட பாவி! இத்தனை வருஷத்தில் அவர் வேலையை உற்றுப் பார்த்த முதல் ஆள். இன்றைக்கா பார்க்க வேண்டும்?

மகளின் முகம் வெளுத்தது. "எங்க குறிப்பேட்டுல அப்படித்தான் இருக்கு சார்..."

"குறிப்பேட்டுல இருந்தா சரியாயிடுமா? நீங்க சோதிச்சுப் பார்க்க வேணாமா?"

மேலாளர் அம்மா பேனாவைத் தூக்கினார். மகள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். குறிப்பேட்டைப் புரட்டினாள். டேப்புக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சத்தியம் கித்தியம் எல்லாம் பறந்தது.

"அவளைக் கேக்காதீங்க சார். புத்தகத்துல இருந்ததைத்தான் அவ சொன்னா. கண்ணாடி மாத்தினவன் நான். கீறினவனும் நான்தான்."

"அப்பா!" என்றாள் மகள்.

அப்பாவா என்று கூட்டம் திரும்பிப் பார்த்தது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"பழைய வீட்டுக் கண்ணாடியில கீறினது தப்புத்தான். என்ன வேணும்னாலும் செய்ங்க" என்று மேலாளர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். "எனக்குக் குழந்தை பிறந்து, ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சிருந்தாங்க. பிழைக்கிறது கஷ்டம்னுட்டாங்க. சாயங்காலம் கால் மணி நேரம்தான் பார்க்க விடுவாங்க. இங்க வேலையை ஒத்துக்கிட்டேன், விட முடியல. காலையில வந்ததும் ஆபீஸ் போன்ல நர்ஸைக் கூப்பிடுவேன். குழந்தை எப்படிம்மான்னு கேட்டா, ஒரே வார்த்தைதான் சொல்லும் அந்தப் பொண்ணு. 'இருக்கா.' அவ்வளவுதான். அதைக் கேட்டுட்டு வந்து, கண்ணாடி அறுக்கிற வைரக் கட்டரால ஒரு கோடு போடுவேன். அப்புறம்தான் கை வேலைக்குப் போகும்."

மனைவி மெல்ல ஜன்னலருகே போய்க் கோடுகளை விரலால் எண்ணினாள். அந்த ஒன்பது நாளும் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அழுதவள். தான் மட்டும்தான் எண்ணிக்கொண்டிருந்தோம் என்று முப்பத்தோரு வருஷமாக ஒரு சின்னக் குறை அவளுக்கு உண்டு.

"எங்கிட்டகூட சொல்லலையே நீங்க" என்றாள். கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள். அழுகைதான் வந்தது.

"உனக்கு இருந்த பாரம் பத்தாதா?" என்றார் டேப்பு.

மேலாளர் அம்மா கையிலிருந்த தாளையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். குறிப்பேட்டை வாங்கிப் பக்கத்தைத் தேடி, கப்பல் கதையின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"நாங்கதான் விசாரிக்காம அச்சடிச்சிருக்கோம். உங்க மேல தப்பில்ல" என்றார் மகளிடம். "மூணு மணிச் சுற்றுக்கும் நீங்கதான். நாளைக்கும் நீங்கதான். இனிமே இந்த ஜன்னல்ல உண்மையைச் சொல்லுங்க. எங்க, இப்பவே ஒரு தடவை சொல்லுங்க, கேப்போம்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் பார்வையைத் தரையில் போட்டுக்கொண்டு பைக்குள் டேப்பை உருட்டிக்கொண்டிருந்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போதும் நிற்கிற இடத்தில் நிமிர்ந்து நின்றாள்.

"இந்தக் கீழ்ச் சில்லோட மூலையைப் பாருங்க" என்று தொடங்கினாள். "ஒன்பது கோடு இருக்கு. முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி, இந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட வந்தவர் கீறினது. அவரோட குழந்தை உயிரோட இருந்த ஒவ்வொரு காலையிலயும் ஒண்ணு. கடைசிக் கோடு நீளமா இருக்கே, அன்னைக்குக் குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மா கையில குடுத்தாங்க."

நன்றாகத்தான் சொன்னாள். குரல் ஒரு இடத்தில் மட்டும் உடைந்தது.

கேமரா ஆசாமி தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை குற்றம் கண்டுபிடிக்கிற குரல் இல்லை. குமிழியையே பார்த்துக்கொண்டிருந்ததில், அவள் 'அப்பா' என்று கூப்பிட்டது அவர் காதில் விழவில்லைபோல.

"அந்தக் குழந்தை இப்ப?"

"இருக்கா" என்றாள் மகள். "அடுத்தது நூலகம். வாங்க, போகலாம்."