இரண்டு சாம்பல் நிறங்கள்

எண்பதுகளில் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கு டிஸ்டம்பர் அடிக்க வந்த மேஸ்திரி ஒல்லியானவர். புருவத்தில்கூடச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். யார் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, "சரிங்க சாமி" என்பார்.

அறைகளுக்கு இரண்டு சாம்பல் நிறங்கள் பரிசீலனையில் இருந்தன. ஒன்றில் லேசான நீலம், மற்றதில் லேசான பழுப்பு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். என் மனைவிக்குப் பழுப்பு பிடித்திருந்தது. நான் இரண்டையும் சுவரில் பூசச் சொல்லி, காலை வெளிச்சத்திலும் டியூப்லைட்டிலும் முறைப்படி பார்த்து, நீலத்துக்கு உத்தரவிட்டேன்.

வேலை முடிந்ததும் மேஸ்திரியை நிறுத்திவைத்து, "இந்த நீலம் தர்ற குளுமையைப் பழுப்பு தருமா?" என்று வெகுநேரம் விளக்கினேன். ரசித்துக் கேட்டார்.

அடுத்த மழைக்குப் பிறகு, ஒழுகிய மூலையைப் பூச மறுபடி வந்த மேஸ்திரியிடம் அதே நீலத்தை வாங்கிவரச் சொன்னேன்.

"அது சேராதுங்க சாமி. ஊட்ல அடிச்சிருக்கறது அம்மா சொன்ன பழுப்புங்க."

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"நீங்க அத்தனை சந்தோசமாப் பேசிட்டிருந்தீங்க. எப்படிங்க சொல்றது?"

மனைவியை மன்னித்துவிட்டேன்; மேலே போட்ட உத்தரவு கீழே மாறுவது எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். மேஸ்திரி என்மேல் இரக்கப்பட்டதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.