எல்லைக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் பீர் ஆலை

ஆலைத் திறப்பு விழா அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் மனைவி சுப்புலட்சுமி, எங்களைத் தன் டெம்போவில் ஏற்றிவந்த பாகலூர் நாராயணப்பா, சுப்புவின் மேலதிகாரி கிரண். எங்கள் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். பீர் காய்ச்சும் இடத்துக்குப் பெண் பிள்ளையை எப்படிக் கூட்டிப்போவது என்று நான்தான் தடுத்தேன். போய்ப் பார்த்தால் கைக்குழந்தையோடு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருக்கிறார்கள்.

ஓசூரில் எங்கள் லைன் வீட்டுக்குள் சில மாதங்களாக ஒரு புது வாசம் புகுந்திருந்தது. வேகவைத்த கம்பும் புளித்த மாவும் கலந்தாற்போல ஒரு வாசம். வேலை முடிந்து சுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது வந்துவிடும். ஆலை திறப்பதற்கு முன்பே சோதனைக்காகக் காய்ச்சத் தொடங்கிவிட்டார்களாம். முளைகட்டிய பார்லியைக் கொதிக்கவைக்கும் வாசம் துணியில் ஏறிக்கொள்ளுமாம். லைன் வீட்டுக்காரர்களுக்கு அதெல்லாம் தெரியுமா? "ஏக்கா, உன் மேல ஒரு மாதிரி வாசம் அடிக்குதே, அண்ணனுக்குத் தெரியுமா?" என்று குழாயடியில் கேட்டிருக்கிறார்கள். அவள் சிரித்துவிட்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பஸ்ஸில் சோதனைச்சாவடி போலீஸ் மோந்து பார்த்தால் என்ன சொல்வாள், ஊரில் யாராவது கேள்விப்பட்டால் என்ன ஆகும் என்று படுத்தபடியே யோசித்துக்கொண்டிருப்பேன்.

எங்கள் சொந்த ஊரான சாத்தூர்ப் பக்கமிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓசூருக்கு வந்து ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறேன், இன்னும் கான்ட்ராக்ட்தான். கல்யாணமாகிச் சுப்பு இங்கே வந்தபோது மார்கழிக் குளிர். போர்வைக்குள் உட்கார்ந்து அழுவாள். கடைக்காரர் தெலுங்கில் பேசினால் என் முகத்தைப் பார்ப்பாள். பால் வாங்குவதிலிருந்து கேஸ் சிலிண்டருக்குப் பதிவதுவரை நான்தான். பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடப்பாள். சட்டை கசங்குகிறது என்று சடைத்துக்கொள்வேனே தவிர, உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. எல்லாவற்றுக்கும் பயப்படுகிற எனக்கு, என்னைவிடப் பயந்த ஒருத்தி கூட இருந்தது பெரிய தைரியம்.

அந்தச் சுப்புதான் இப்போது கர்நாடக எல்லையைத் தாண்டிப் போய் டாங்கி கழுவுகிற பிரிவுக்கு சூப்பர்வைசர். என்னைவிடச் சம்பளம் கூட. ஆலைக்குப் பின்னால் அவளுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். குடும்பத்தோடு வருவதாக இருந்தால் திறப்பு விழா அன்றைக்கே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளுக்குப் போய்விடும். வீட்டைப் பார்க்கத்தான் என்னைக் கூட்டிப்போனாள். முடியாது என்று சொல்லத்தான் நான் போனேன். மகளின் பள்ளிக்கூடத்தைக் காரணமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

நாராயணப்பா மாடு வளர்ப்பவர். காய்ச்சி மிஞ்சிய பார்லிச் சக்கையைத் தீவனத்துக்கு ஏற்றிப்போக அந்த ஆலைக்கு நித்தம் வருகிறார். "சக்கை தின்னுட்டு என் மாடுங்க பாலு கூடக் கறக்குது அண்ணா. நீ இன்னாத்துக்கு மூஞ்சைத் தூக்கி வெச்சிருக்கே?" என்றார். நான் டெம்போ ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தேன். எல்லை தாண்டியதும் போனில் கர்நாடகத்துக்கு வரவேற்கிறோம் என்று செய்தி வந்தது. என்னைத் தவிர யாரும் அதைப் படித்த மாதிரி தெரியவில்லை.

உள்ளே கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஆள் உயரத்துக்கும் மேலே செம்பு டாங்கிகள் மின்னின. கிரண் அரைக்கால் சட்டையோடு ஓடிவந்து, "பன்னி பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒரு மரப்பலகையில் நான்கு சின்னக் கிளாஸ்களில் நான்கு நிறத்தில் பீர் வந்தது.

எங்கள் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். அரசுக் கடையின் கம்பி வலைக்குள் கையை விட்டு வாங்கி, சந்துக்குள் போய், ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, தெரிந்தவன் எவனும் வருவதற்குள் ஒரே மூச்சில் முடித்து, துண்டால் வாயைத் துடைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். யோசிக்கவே இல்லை. பலகையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றிக்கொண்டேன். திரும்பினால் பக்கத்து மேசைக்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை ருசி பார்த்து, எது பிடிக்கிறது என்று சொல்வதற்காகக் கொடுத்தவையாம்.

"அண்ணா, யாரு உன்னப் புடிக்க வர்றாங்க? உன் பொண்டாட்டியே இங்க ஆபீசரு!" என்று நாராயணப்பா சத்தமாகச் சிரித்தார்.

கிரண் சிரிக்கவில்லை. எது பிடித்தது என்று ஆங்கிலத்தில் கேட்டான். தாகமாக இருக்கிறதா என்று கேட்கிறான் போல என நினைத்து, "போதும் சார், போதும்" என்றேன். சுப்பு இடையில் புகுந்து கன்னடத்தில் என்னவோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள். அவள் கன்னடம் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. வேலை செய்யும் இடத்திலேயே கற்றுக்கொண்டிருக்கிறாள், தண்ணீர் மாதிரி ஓடியது. நடுவில் கையை ஆட்டினாள், கண்ணை விரித்தாள். என்னிடம் பேசும்போது அந்தக் கை அப்படி ஆடியதே இல்லை. கம்பெனி டீ-ஷர்ட் போட்ட பெண்கள், அக்கா அக்கா என்று வந்து அவளிடம் ஏதேதோ கேட்டுப் போனார்கள். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைக்கவில்லை. வேறு ஆண் மேல் சந்தேகம் என்றால்கூடச் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இந்த ஊர் அவளை எடுத்துக்கொண்டது, என்னை எடுத்துக்கொள்ளவில்லை. இதற்கு யாரோடு சண்டை போடுவது?

வீட்டைப் பார்க்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்வாசலை அடைந்தபோதுதான் பார்த்தேன், அவள் தோள்பையின் வார் என் கையில் இருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, மேலே நடந்தாள்.

இரண்டு அறை, ஒரு சமையலறை, தனிக் குழாய். குற்றம் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று கதவைத் தட்டினேன், சுவரைத் தடவினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. மாடிக்குப் போனால் தூரத்தில் ஓசூர் மலைக்கோயில் தெரிந்தது. கிரண் கீழேயிருந்து, "மனெ நோடித்ரா?" என்று வீட்டைப் பற்றிக் கேட்டுக் கத்தினான். நான் பள்ளிக்கூடத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் சுப்பு குனிந்து பதில் சொன்னாள். "அவரு ஒப்பிதரெ மாத்ர."

அவர் ஒத்துக்கொண்டால் மட்டும். இத்தனை வருடம் ஓசூரில் இருந்ததற்கு அவ்வளவு கன்னடம் எனக்கும் புரியும். எனக்குப் புரியாது என்று நினைத்துத்தான் அவள் அதைச் சொன்னாள். அத்தனை பேர் அக்கா என்று சுற்றிவரும் இடத்தில், கிடைத்த வீட்டை என் ஒரு தலையாட்டலில் வைத்துவிட்டு நின்றாள்.

"பாப்பாவுக்கு இங்கிட்டு ஸ்கூல் பஸ் வருமா?" என்று கேட்டேன்.

"வருமாம். விசாரிச்சுட்டேன்."

"எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் என்னையக் கேக்குறியாக்கும்."

"கேக்காம வந்தா நீங்க ராவெல்லாம் தூங்க மாட்டீகளே," என்றாள். தலையாட்டினேன்.

இப்போது குடிவந்துவிட்டோம். காலையில் நான் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வேலைக்குப் போகிறேன், மாலையில் கர்நாடகத்துக்கு வீட்டுக்கு வருகிறேன். அந்த வாசம் என் சட்டையிலும் ஏறிவிட்டது. பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. குழம்புக்கு உப்பு சரியா என்று கேட்பவள் பாத்திரம் விளக்கிக்கொண்டே போனில் கன்னடம் பேசும்போது இன்னும் சுருக்கென்கிறது.

ஓசூர் வீட்டு ஓனர் அட்வான்ஸில் ஒரு பகுதியைப் பெயிண்டு, குழாய் என்று சொல்லிப் பிடித்துவைத்திருக்கிறார். கேட்டு வாங்கி வாருங்கள் என்று ஒவ்வொரு ஞாயிறும் சுப்பு அனுப்புகிறாள். நானும் போகிறேன். லைன் வீட்டு முக்கில் டீ குடிக்கிறேன், எங்கள் பழைய கதவைப் பார்க்கிறேன், கேட்காமல் திரும்பிவிடுகிறேன். வாங்கிவிட்டால் அந்தப் பக்கம் எனக்கென்று என்ன இருக்கிறது? இன்றைய தேதிக்கு ஓசூரிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய பாக்கி, பதினெட்டாயிரம் ரூபாய்.