புதன்கிழமைக் கொப்பி

போன சனிக்கிழமை ஹட்டனில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். 'மன அழுத்தத்தை விசுவாசத்தால் வெல்வோம்' என்று வாசலில் பதாகை கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்கும் அழுத்தத்துக்குக் குறைவில்லை, போய்த்தான் பார்ப்போமே என்று போனேன். உள்ளே கால் வைத்ததுமே எலுமிச்சை வாசனை மூக்கில் அடித்தது. மழை நாள். இருநூறு பேருடைய ஈரக் குடையும் செருப்பும் நாறக்கூடாதென்று யாரோ மூலைக்கு மூலை வாசனைப் புட்டியை அடித்திருக்கிறார்கள். நாற்றம் எங்கும் போகவில்லை, அதன் மேல் எலுமிச்சை ஏறி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். 

மேடையில் பேசியவர் கன்னத்தோரம் சின்ன மைக் மாட்டியிருந்தார். "கவலைப்படுறது ஒரு பழக்கம், விட்டுறுங்க" என்றார். கூட்டம் ஆமென் சொன்னது. நான் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுக்குத் துணி கசக்கிப் பழகிய கைகளாகத் தெரியவில்லை. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் குறைதான் சொல்கிறேன்.

பிறகு ஒரு பெண் வரிசை வரிசையாக வந்து மஞ்சள் சீட்டும் பேனாவும் கொடுத்தாள். "ஒங்க பாரத்த எழுதுங்க அக்கா. பேர் வேணாம். தெரையில போட்டு எல்லாருமா ஜெபிப்போம்" என்றாள். சீட்டைக் கையில் வாங்கிய பிறகு எனக்கு மண்டபம் மறந்துபோனது. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், மலையிலிருந்து பீலியில் வந்து கொட்டும் தண்ணீரின் சத்தம் காதில் கேட்டது.

நான் அப்போது அந்தத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். இருபத்தைந்து பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழும். மாலையில் காதுக்குள் அந்த அழுகையோடுதான் எங்கள் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு, திரும்புவேன். மற்றப் பெண்களுக்கு வேறு வேறு பாடு. அட்டை கடித்த கால், கங்காணியின் வாய், குடித்துவிட்டு வரும் புருஷன், கதவில்லாத கக்கூஸ். இதையெல்லாம் கொண்டுபோய்க் கொட்ட எங்களுக்கு ஒரே ஓர் இடம் இருந்தது, மேரி அக்காவின் ஒற்றையறைக் காம்பரா. புதன்கிழமை ஆறு மணிக்கு ஏழெட்டுப் பேர் அங்கே கூடுவோம். கத்தோலிக்கரும் உண்டு, எங்கள் சபைக்காரரும் உண்டு. காளியம்மா என்று ஒருவர், மாரியம்மன் கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறவர், அவரும் வருவார். "எங்க சாமிகிட்ட சொல்லியாச்சு. ஒங்க சாமிகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைப்போம்" என்பார்.

அந்த ஜெபத்தில் பாட்டில்லை, பிரசங்கமில்லை. ஒருத்தி தன் வயிற்றெரிச்சலை அப்படியே ஆண்டவரிடம் சொல்வாள். முடித்ததும் மற்றவர்கள் "ஆண்டவரே, கேளும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அது கத்தோலிக்கப் பூசையிலிருந்து மேரி அக்கா கொண்டுவந்த வழக்கம். புத்தி சொல்லக் கூடாது, ஆறுதலும் சொல்லக் கூடாது. ஒரு தடவை நான் நடுவில் வாய் திறந்துவிட்டேன். "ஒன்னயவா கேட்டா? அவரத்தான கேட்டா" என்று மேரி அக்கா என்னை அடக்கினார். வெளியே போனபின் உள்ளே கேட்டதை யாரும் பேசுவதில்லை. அடுத்த புதன் வரைக்கும் தாங்குவதற்கு எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அதை அதிகம் நம்பியிருந்தவர் ரோசம்மா அக்கா. முப்பத்தைந்து வயதிருக்கும். மாமியார் இடுப்பொடிந்து படுக்கையில் கிடந்தார். விடிவதற்கு முன் ஒரு தடவை, கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து ஒரு தடவை, அந்த அம்மாவைத் துடைத்து, துணியைப் பீலியில் அலசிப் போடுவார் அக்கா. இருவருக்கும் நல்ல சிநேகம். துடைக்கும்போதே ஊர்க்கதை பேசிச் சிரிப்பார்கள், அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். அந்த அம்மா மருமகளை "எங்க ரோசு" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு புதன் அந்த ரோசு சொன்னது எனக்கு இன்றைக்கும் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. "ஆண்டவரே, எங்க மாமிய எனக்குப் புடிக்கும். ஆனா அந்தத் துணியத் தொட்டா அருவருப்பா இருக்கு. சோத்துல கை வைக்க முடியல. அருவருப்பு போகாட்டியும் பரவாயில்ல. என் கை நிக்காமப் பாத்துக்க." நாங்கள் "ஆண்டவரே, கேளும்" என்றோம். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் ரொட்டி கிடக்கிறது என்று எழுந்து போனார்.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்கு மட்டும்தான் காலை வாரியது, மற்றதெல்லாம் தேறியவள் என்ற மிதப்பு எனக்கு நிறைய இருந்தது. இந்த ஜெபத்துக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நானாகவே முடிவு செய்து, ஒரு கொப்பி வாங்கி, சிவப்புப் பேனாவால் கட்டம் போட்டேன். பெயர், தேவை, பதில் கிடைத்த நாள். ஆண்டவர் பதில் தருகிற நாளைக் குறித்துவைக்க ஒரு கட்டம் போட்ட ஆள் நான். மேரி அக்காவுக்கு எழுத்து வாசனை கிடையாது, என்ன எழுதுகிறேன் என்று கேட்கவுமில்லை. தேவைக் கட்டம் ஒடுக்கமாகப் போய்விட்டது. அதனால் சுருக்கி எழுதினேன்: 'ரோசம்மா. மாமியாரைப் பார்த்தால் அருவருப்பு.' மீதிக்கு இடமில்லை.

புதிதாக வந்த போதகர் பிள்ளை மடுவத்துக்கு ஒரு நாள் வந்தார். தோட்டத்து மக்களின் தேவைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். நான் பெருமையோடு கொப்பியை நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்து, "இவ்வளவு ஒழுங்கா யாருமே வச்சதில்ல தங்கச்சி" என்று சொல்லி, அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் என் கால் நிலத்தில் படவில்லை.

எங்கள் சபைக் கோயிலின் கூரையில் ஒரு குழாய் ஒலிபெருக்கி உண்டு. வர முடியாத நோயாளிகளும் ஆராதனை கேட்கட்டும் என்று அதன் வாயை லயத்தின் பக்கம் திருப்பிக் கட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை விடாமல் கேட்கிறவர் ரோசம்மா அக்காவின் மாமியார்தான். தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லிக் கேட்பார்.

அந்த ஞாயிறு போதகர் என் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "நம்ம லயத்துல ஒரு சகோதரி, படுக்கையில இருக்கிற மாமியாரப் பாத்து அருவருப்புப் படுறாங்க. அவங்க உள்ளத்துல அன்பு வரணும்னு ஜெபிப்போம்" என்றார். பெயர் சொல்லவில்லை. லயத்தில் படுக்கையில் இருந்த மாமியார் ஒருவர்தான். ரோசம்மா அக்கா எனக்கு முன் வரிசையில் இருந்தார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனார்.

அக்கா வீடு போய்ச் சேர்வதற்குள் அந்த அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார். மறுநாள், மருமகள் கொழுந்துக்குப் போயிருந்தபோது, தன்னைத் தானே துடைத்துக்கொள்ளப் பார்த்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகு துடைக்கப் போகும்போதெல்லாம் "தொடாத" என்பார். தொடாமல் எப்படி? வேறு யார் கை இருக்கிறது? அவர் கண்ணை மூடிக்கொண்டு அழ, அக்கா வாயைத் திறக்காமல் துடைத்தார். அந்தக் காம்பராவில் சிரிப்புச் சத்தம் அதோடு நின்றது. சாகும்வரை மூன்று மாதம் இதேதான்.

போதகரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "ஜெபத்துலதான வச்சோம், நல்லதுக்குத்தான்" என்றார். அவர் வெள்ளைச் சட்டையில் நீலம் போட்ட வாசனை வந்தது. அந்த வெள்ளையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு, கொப்பியை நீட்டிய என் கையைப் பார்த்தபோது வந்தது.

மன்னிப்புக் கேட்கலாமென்று ஒரு சாயங்காலம் பீலிக்கரைக்குப் போனேன். அக்கா குனிந்து துணி அலசிக்கொண்டிருந்தார். நான் மென்று விழுங்கிப் பேச ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து, ஈரப் போர்வையின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"பிழி."

பிழிந்தேன். பிள்ளைகளின் துணி எத்தனையோ அலசியவள்தான் நான். இது வேறு. மஞ்சள் தண்ணீர் முழங்கை வரைக்கும் வழிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அருவருப்பா இருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா அக்கா."

"எழுதிக்க."

அக்கா என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார். போர்வையைக் கொடியில் போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். புதன்கிழமைக்கும் அவர் பிறகு வரவில்லை. மற்றவர்கள் கொஞ்ச நாள் வந்தார்கள். "பிள்ளைக்குப் படிப்பு வரணும்", "நல்ல மழ பெய்யணும்" என்று, யார் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத வேண்டுதல்களாகச் சொன்னார்கள். என் கையில் கொப்பி இல்லாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள். மழைக் காலம் முடிவதற்குள் புதன்கிழமை நின்றுபோனது. அக்கா மாமியாரை அடக்கம் செய்துவிட்டு, கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்குப் போனார் என்று கேள்வி. மேரி அக்கா இப்போது இல்லை. அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். ஜெபக் குறிப்புகள் இப்போது போனில் வருகின்றன, கூப்பிய கைப் படம் நாற்பது ஐம்பது கீழே விழுகிறது. நானும் அனுப்புகிறேன், பஸ்ஸில் இடம் பிடித்துக்கொண்டே.

மண்டபத்தில் அந்தப் பெண் சீட்டுகளைச் சேகரித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். என்னுடையது வெறுமையாக இருந்தது.

"ஒண்ணுமே இல்லயா அக்கா?"

"இருக்கு."

"அப்ப எழுதுங்க."

எழுதுவதற்கில்லை, சொல்வதற்குத்தான் இருந்தது. சுற்றிப் பார்த்தேன். இருநூறு பேரும் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கேட்பதற்கு ஒருவர்கூட மிச்சமில்லை.