வெள்ளையாய் இருந்தால் மணல்

எங்கள் தீவில் ஒரு பிள்ளைக்கு நடை வந்ததும் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: கறுப்பாய் இருந்தால் சேறு, காலை விழுங்கும், வெள்ளையாய் இருந்தால் மணல், தாங்கும். அ, ஆவெல்லாம் அப்புறம்தான். ஒன்பது வயதில் எனக்கு இந்தப் பாடம் தண்ணிபட்ட பாடு. அந்தத் திமிரில்தான் என் தம்பியைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன்.

தீவு என்றதும் தென்னந்தோப்பையெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எண்ணூர் முகத்துவாரத்துக்கு அந்தப்பக்கம், முன்னால் கடல், பின்னால் ஆறு, நடுவே நாற்பது வீடு. அண்ணாந்து பார்த்தால் புகைபோக்கிகள். பள்ளிக்கூடம் எண்ணூர்ப் பக்கத்தில். போக வர ஒரே படகு.

அன்று சனிக்கிழமை, அரை நாள்தான் பள்ளி. படகுக்காரர் இன்ஜின் சாமான் வாங்கக் காசிமேட்டுக்குப் போய்விட்டாராம். "சாயங்காலம் வந்துடுவாரு, அதுவரைக்கும் இங்கியே குந்துங்க" என்றார் கரையில் டீக்கடை வைத்திருந்தவர். தம்பிக்கு ஐந்து வயது. பசி பசி என்று என் பாவாடையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான். ஆறோ நன்றாக வற்றிக் கிடந்தது. வற்றின நேரத்தில் நைனாவோடு இரண்டு மூன்று தடவை நடந்தே கடந்திருக்கிறேன். பின்னே என்ன, பெரிய கடலா?

முழங்கால் தண்ணீரில் பாதி தூரம் வந்தோம். அதற்கு மேல் எப்போதும் கறுப்புச் சேறு கிடக்கும், அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அன்று பார்த்தால் அந்த இடம் முழுக்க வெள்ளை வெளேரென்று, காய்ந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தது. புது மணல் ஒதுங்கியிருக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம். தம்பி தயங்கினான். "மணல்தான்டா, ஓடு" என்று கையை விட்டேன்.

அது மணல் இல்லை, சாம்பல். அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தண்ணீரில் கலந்து கொண்டுபோகும் குழாய் ஒன்று அங்கே ஆற்றைத் தாண்டிப் போகும். அந்தக் குழாய் விரிசல் விட்டு எத்தனை நாளாய் ஒழுகியதோ. மேலே காய்ந்த ஏடு, அடியில் களி. பத்தடி ஓடியவன் பொசுக்கென்று முழங்கால் வரை இறங்கினான். சிரித்தான். உதறினான். தொடை வரை போனதும் சிரிப்பு நின்றது.

நான் ஓர் அடி வைத்தேன், என் காலும் இறங்கியது. பின்பக்கமாக விழுந்து உருவிக்கொண்டேன், செருப்பு உள்ளேயே போய்விட்டது. அதற்குள் முகத்துவாரத்துப் பக்கமிருந்து நுரை ஏறி வருவதைப் பார்த்தேன். தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இடுப்புக்கு மேல் எவ்வளவு உயரம் இருக்கும்?

கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தது. அத்தை. நைனாவின் அக்கா. கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியிருந்தாள். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது வேறு எங்கே வைப்பது?

அவளோடு எங்கள் வீட்டில் யாருக்கும் பேச்சில்லை. அவள் பெற்ற பிள்ளைகள் இரண்டும் தங்கவில்லை. தம்பி பிறந்தபோது ஆசையாய்த் தூக்கப் போனவளை அம்மா தடுத்து, "உன் கைராசி என் புள்ளைக்கு வாணாம், தொடாத" என்று ஊர் பார்க்கச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அத்தை எங்கள் வாசல் மிதிக்கவில்லை. தெருவில் தம்பி எதிரே ஓடி வந்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒதுங்கி நிற்பாள். எனக்கும் தனியாக உத்தரவு: அவளிடம் பேசினால் நாக்கில் சூடு.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கூப்பிடவில்லை. தண்ணீர் அவன் இடுப்பைத் தொட்டது, நான் அம்மாவின் கரண்டிக்காம்பை நினைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தம்பிதான் "அக்கா!" என்று அலறினான். அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "அத்தே! அத்தே!"

"இன்னாது?" என்று அவள் வாயைத் திறந்ததும் பறி தண்ணீரில் விழுந்தது. காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் போயிற்று. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரை அடித்துக்கொண்டு வந்தவள் சாம்பலுக்குக் கிட்டே வந்ததும் குப்புறப் படுத்து, நெஞ்சால் ஊர்ந்தாள்.

"ஒதறாதடா ராஜா, ஒதற ஒதற உள்ள இஸ்துகினு பூடும். மல்லாக்க சாஞ்சிக்கோ. நான் கீறேன்ல."

அவன் சாய்ந்தான். தண்ணீர் காதை மூடியது. அத்தை அவன் தலைக்கு அடியில் தன் தோளைக் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் களிக்குள் விட்டாள். இறாலைத் தேடிய கை அவன் கணுக்காலைத் தேடியது. ஒரு பக்கமாகத் தோண்டித் தண்ணீருக்கு வழி விட்டாள். சளக் என்று ஒரு கால் வந்தது. அடுத்த கால் வரவில்லை. ஓர் அலை வந்து அவன் வாயை மூடிவிட்டுப் போனது. அவன் இருமினான். அடுத்ததில் இருமக்கூட இல்லை. "அம்மா தாயே, இத மட்டும் குட்துடு" என்று அத்தை யாரிடமோ கத்தினாள். அந்தக் கத்தலோடு அவன் வந்தான்.

வீட்டில் என்ன சொன்னேன் தெரியுமா? குழாய்க்குக் காவல் இருப்பவர் தூக்கினார் என்றேன். அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறைய இறால் தொக்கு செய்து, திங்கட்கிழமை படகேறிப் போய் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். நீ யார், எதற்கு என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "அது நம்ம கடமைம்மா" என்று சட்டியை வாங்கிக்கொண்டார்! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அந்தப் பொய்யை என்னைச் சொல்லச் சொன்னதே அத்தைதான். தூக்கியவள் கையோடு அவனைக் கடல் பக்கம் கொண்டுபோய், நல்ல தண்ணீரில் மடியில் உட்காரவைத்துக் கழுவினாள். தலையைக் கழுவினாள், காதுக்குப் பின்னால் கழுவினாள், விரல் விரலாகப் பிரித்துக் கழுவினாள்.

"உங்கம்மாகிட்ட நான் தூக்கனேன்னு சொல்லிடாத, இன்னா? நாளைக்கு ஒரு சளி புட்சாகூட என் கைதான்னு பயந்துகினு கெடக்கும்."

சரி என்று தலையாட்டினேன். அவள் மறுபடியும் தலையிலிருந்து ஆரம்பித்தாள். தம்பி அழுகையை நிறுத்திவிட்டு அவள் மூக்குத்தியைத் தொட்டு விளையாடிக்கொண்டிருந்தான். எனக்கோ வீட்டுக்கு நேரமாகிறதே என்ற அவசரம்.

"போதும் அத்தே, எல்லாம் போயிடுச்சி."

"இல்ல, இன்னும் கீது" என்றாள், அவன் பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

குனிந்து நன்றாகப் பார்த்தேன். ஒரு பொட்டுச் சாம்பல் இல்லை. அத்தைக்குக் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, அவள் மடியிலிருந்து அவனைப் பிடித்து இழுத்தேன்.