படகுக்கு அடியில் ஆள்

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஐம்பது வார்த்தை இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த ஐம்பதும் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தபோது ஒட்டியது. அங்கே என்ஜின் பார்த்தவர் பிலிப்பைன்ஸ்காரர். அவர் எதையும் சொல்லித் தரவில்லை. வேலை சொல்வார். செய்யாவிட்டால் திட்டுவார்.

ஒருநாள் ஸ்பேனர் பெட்டிக்குப் பின்னால் கிடக்கிறது என்றார். பிகைண்ட் தி பாக்ஸ். பெட்டிக்குப் பின்னால் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது. முழுக்கத் துழாவினேன். "ரைட் பிகைண்ட்! ரைட் பிகைண்ட்!" என்று மேலேயிருந்து கத்தினார். பெட்டியை ஒட்டியே கிடந்தது.

பின்னால், அடியில் என்று மட்டும் சொன்னால் பாதி சொன்ன மாதிரிதான். எவ்வளவு என்பதை முன்னால் நிற்கிற சின்ன வார்த்தைதான் சொல்கிறது. ரைட் என்றால் ஒட்டி. ஜஸ்ட் என்றால் கொஞ்சம் தள்ளி. வே என்றால் ரொம்ப எட்ட. ஸ்ட்ரெய்ட் என்றால் நேரே. இவற்றை வைத்தே நாலு வருஷம் ஓட்டினேன்.

ஊருக்கு வந்து விசைப்படகில் ஸ்ராங்கு ஆனேன். படகை ஓட்டுவதும் வயர்லெஸ் பேசுவதும் ஸ்ராங்கு வேலை. கன்னியாகுமரியைச் சுற்றிக் கப்பல் போகிற பாதை நாங்கள் மீன் பிடிக்கிற இடத்துக்குப் பக்கம். கப்பல்காரர்களுக்கு நாங்கள் கடலில் மிதக்கிற ஒரு தக்கை. பதினாறாம் சானலில் கூப்பிட்டு, இங்கே இருக்கிறோம், விலகிப் போ என்று சொல்ல வேண்டும். நான் பேசத் தொடங்கினால் படகில் சிரிப்பாணிதான். "தொரை மைக்கப் பிடிச்சாச்சு" என்பார் ஐஸ் அறை பார்க்கிற பெரியவர்.

மச்சினன் போன வருஷம்தான் எங்கள் படகில் சேர்ந்தான். என் மனைவிக்கு ஒரே தம்பி. இந்தத் தடவை கடலுக்குக் கிளம்புகிற அன்று அவள் வாசலில் நின்று சொன்னாள்.

"அவன் துள்ளுவான். நீங்கதான் பாத்துக்கிடணும். அவன் இல்லாம நீங்க மட்டும் வந்து இந்த வாசல்ல நிக்கப்பிடாது. சொல்லிட்டேன்."

ம் என்றேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். சாரல். பாதி வலை ஏற்றியாகிவிட்டது. மீதி படகுக்கு முன்னால் கடலில் கிடந்தது. எவனோ கடலில் விட்ட நைலான் கயிறு புரொப்பல்லரில் சுற்றி என்ஜின் நின்றுபோனது. மச்சினன் இடுப்பில் கயிறு கட்டி, கத்தியை எடுத்துக்கொண்டு குதித்தான். மேலே கயிற்றின் நுனி என் கையில். இரண்டு தடவை சுண்டி இழுத்தால் மேலே வரவேண்டும் என்று பேச்சு. மூச்சு வாங்க வருவான், போவான்.

சாரல் விலகியது. கிழக்கே கப்பல்.

கப்பலுக்கு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் பயமில்லை. இதில் இரண்டு பக்கமும் தெரிந்தது. மூக்கு எங்களுக்கு நேரே இருந்தது. நாலு மைல் இருக்கும். கால் மணி நேரம்கூடக் கிடையாது.

"அவன ஏத்துலே" என்றார் பெரியவர்.

"ஏத்தினா என்ஜின் எடுக்காது."

"அதுக்குள்ள எடுக்காட்டி?"

கயிற்றைப் பெரியவர் கையில் கொடுத்தேன். மைக்கை எடுத்தேன். பக்கத்துக் கப்பலின் பெயர் காட்டுகிற கருவி எங்கள் படகில் பழுது. பெயர் தெரியாமல்தான் கூப்பிட வேண்டும்.

"ஷிப், ஷிப். ஐ ஃபிஷிங் போட். ஸ்ட்ரெய்ட் அவுட் ஃப்ரம் முட்டம் லைட் ஹவுஸ். டுவெல்வ் மைல். யூ கம் ஸ்ட்ரெய்ட் அட் மீ."

இரைச்சல். மறுபடி சொன்னேன். மறுபடி இரைச்சல். மூன்றாவது தடவை ஒரு குரல் வந்தது. எந்த நாட்டுக்காரனோ. எங்களைப் பார்த்துவிட்டதாகவும், நகரச் சொல்லியும் பேசினான்.

"நோ என்ஜின்" என்றேன். "மை நெட் இன் ஃப்ரண்ட்."

பிறகு, "ஓகே. ஐ பாஸ் பிகைண்ட் யூ" என்றான்.

பின்னால் போகிறேன் என்கிறான். எவ்வளவு பின்னால் என்று சொல்லவில்லை. மச்சினன் கிடந்தது படகின் பின்பக்கத்துக்கு அடியில். கப்பல் ஒட்டிப் போனால் அதன் அலை எங்கள் பின்பக்கத்தைத் தூக்கி அவன் தலைமேல் போடும். கப்பல் எங்களை இடிக்கவே வேண்டாம்.

"நோ! நாட் ரைட் பிகைண்ட். வே பிகைண்ட். வே பிகைண்ட் மீ. மேன் அண்டர் போட்."

"சே அகெய்ன்?"

"மேன். இன் வாட்டர். ரைட் அண்டர் மை போட்."

படகில் யாரும் சிரிக்கவில்லை.

"அண்டர்ஸ்டுட்" என்றான் அவன். "வே பிகைண்ட் யூ."

கப்பல் சட்டென்று திரும்பாது. சொன்னபடி திருப்பினானா என்பது தெரியவே நேரம் ஆகும். பார்த்துக்கொண்டே நின்றேன். மெல்ல ஒரு பக்கம் மறைந்தது.

பெரியவர் கயிற்றை இரண்டு தடவை சுண்டினார். மச்சினன் தலை வெளியே வந்தது.

"ஏறு" என்றேன்.

"அத்தான், ரெண்டு சுத்துதான் இருக்கு!"

"கப்பல் வருதுலே. ஏறு!"

"ரெண்டே சுத்து!" மூச்சிழுத்தான். போய்விட்டான்.

"இவனுக்க அக்காவப் போலத்தான்" என்றார் பெரியவர். "சொன்னா கேக்க மாட்டான்."

கப்பல் அரை மைலுக்கு மேல் தள்ளிக் கடந்தது. அந்த எட்டத்திலும் மலை மாதிரி இருந்தது. அதன் அலை வரிவரியாக எங்களை நோக்கிக் கிளம்பியது. பெரியவர் சுண்டினார். வரவில்லை. மறுபடி சுண்டினார். அலை நெருங்கியது.

"சுண்டாதீங்க. இழுங்க!" என்று கத்தினேன்.

நாலு பேராக இழுத்தோம். பெரிய மீனை இழுக்கிற மாதிரி வந்தான். படகின் அடியில் இருந்த சிப்பி தோளைக் கிழித்திருந்தது. வசை பொழிந்துகொண்டே வந்தான். அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டோம். அலை வந்தது. பின்பக்கம் ஆள் உயரத்துக்கு எழும்பித் தண்ணீரில் அறைந்தது. அப்படி மூன்று தடவை.

மூன்றாவது அறைக்குப் பிறகு அவன் வசை நின்றது.

வயர்லெஸ் கரகரத்தது. கப்பல்காரன் போய்விட்டான் என்று நினைத்திருந்தேன்.

"ஃபிஷிங் போட். யுவர் மேன்?"

"மேன் ஓகே" என்றேன். "பேக் இன் தி போட்."

"பேக் இன் தி போட்" என்று அவனும் சொன்னான். "குட். குட்."

மச்சினன் தோளில் துண்டை அழுத்திக்கொண்டு கேட்டான். "என்னத்த அத்தான் சொன்னீரு அவன்ட்ட?"

"நீ கெடந்த இடத்தச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

கடல் அடங்கினபின் ஒரு சுற்று மிச்சம் இருந்ததை அவனே இறங்கி அறுத்தான். இந்தத் தடவையும் கயிறு என் கையில். மைக்கை இன்னொரு கையில் வைத்துக்கொண்டேன். கிழக்கே ஒன்றும் இல்லை. இருந்தாலும் வைத்துக்கொண்டேன்.

கரை சேர்ந்ததும், "அக்காட்ட சொல்லாதீரும்" என்றான்.

வாசலில் இரண்டு பேருமாக நின்றோம். அவள் அவன் தோளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இரண்டு தட்டு எடுத்து வைத்தாள்.